நடமாடும் வீடும் அதன் சேமிப்பு மின்சாரமும்

மோட்டார் காரின் பின்னே பூட்டி இழுத்துச் செல்லத்தக்க சிறு வீட்டினை மேல்நாட்டார் நெடுங்காலமாகக் கையாண்டு வருகின்றனர். படுக்கை, அடுப்பு, நீர்த்தொட்டி, விளக்கு, விசிறி முதலியன ஒரே பெட்டிக்குள் அடங்கிய அவ்வண்டிக்கு டிரெய்லர் என்பது பெயர். நம் நாட்டில் இவ்வகை இன்னும் அரிதே. வேன் அல்லது பஸ்ஸின் உடலிலேயே வீட்டை அமைத்துக்கொள்ளும் கேரவன் என்னும் வகையே இங்கு மிகுதியாகக் காணப்படுகின்றது. இரண்டிற்கும் உள்ளமைப்பு பெரும்பாலும் ஒன்றே. வகுப்பறையில் கரும்பலகைமேல் எழுதிப் பின் அழித்துவிடும் ஓம் விதியும், வாட், ஆம்பியர் என்னும் அளவைகளும் இவ்வண்டியினுள் எங்ஙனம் பயன்படுகின்றன என்பதை மாணவர்க்கு விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாம்.

விளக்கம் வெறுங் கற்பனையாக நில்லாதிருத்தற்பொருட்டு ஒரு பயணத்தை எடுத்துக்கொள்வோம். மார்கழித் திங்களில் நால்வர் தஞ்சையினின்றும் புறப்பட்டு, நீடாமங்கலம், திருவாரூர், நாகப்பட்டினம், வேதாரண்யம் வழியாகக் கோடியக்கரை சென்று, அங்கு வந்திறங்கும் பூநாரை முதலிய பறவைகளைக் கண்டு, இரண்டு இரவு தங்கி மீள எண்ணுகின்றனர் என்று கொள்க. ஒருவழித் தூரம் சுமார் 140 கிலோமீட்டர். பறவைகள் திரளும் காலமும் வடகிழக்குப் பருவக்காற்றின் காலமும் பெரிதும் ஒன்றாயிருப்பதே இப்பயணத்தின் இடர்.

வழியில் தமக்கு வேண்டிய ஆற்றலைத் தாமே சுமந்து செல்லும் வழக்கம் காவிரிப் பாய்ச்சல் நாட்டார்க்குப் புதிதன்று. பார வண்டியின் அடியிற் சாக்குத் தூளி கட்டி அதில் வைக்கோலை அடைத்துச் செல்வர். அச்சின் அருகே ராந்தல் ஒன்று தொங்கும். வைக்கோல் மாட்டிற்கு, மண்ணெண்ணெய் விளக்கிற்கு. இவ்விரண்டையும் இத்தனை நாளைக்கு இவ்வளவு என்று கணக்கிட்டே வண்டிக்காரர் புறப்படுவர். 1931-ஆம் ஆண்டில் மன்னார்குடியை அடுத்த மேலவாசலில் கனகசபைப் பிள்ளை அவர்கள் மாட்டு வண்டியொன்றில் நூல்களை ஏற்றிச் சுற்றூர்களுக்கு அனுப்பினார்கள். நூலகவியல் அறிஞர் எஸ். ஆர். அரங்கநாதன் அவர்களின் ஊக்கமும் அதற்கு இருந்தது. அதற்கு முன்னரே, 1905-இல், திருச்சிராப்பள்ளியில் ரெயில்வே ஊழியராயிருந்த சாமிக்கண்ணு வின்சென்ட் என்பார் பிரெஞ்சுக்காரர் ஒருவரிடம் சலனப்படக் கருவியை விலைக்கு வாங்கி, ஊர் ஊராகக் கொண்டு சென்று படங் காட்டினார். பின்னாளில் மின்சாரம் எட்டாத ஊர்களிற் கொட்டகை போட்ட டூரிங் டாக்கீஸ்காரர்கள் எண்ணெய் எஞ்சினையும் டைனமோவையும் உடன் கொண்டு சென்றனர். அவ்வெஞ்சினைக் கொட்டகைக்கு வெளியே தனியாக நிறுத்துவர். இச்சிறு செய்தியை மாணவர் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பின்னர் இதனிடம் மீள்வோம்.

இக்காலத்திற் பெரும்பாலும் எவ்வூரிலும் மின்சாரம் உள்ளதே, வண்டியில் வேறு சுமப்பானேன் என்று சிலர் வினவலாம். 2018-ஆம் ஆண்டு நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலத்தில் கஜாப் புயல் நாகப்பட்டினத்திற்கும் வேதாரண்யத்திற்கும் இடையே கரையைக் கடந்தது. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மின்கம்பங்கள் சாய்ந்தன. பட்டுக்கோட்டை, பேராவூரணிப் பக்கங்களில் தென்னந்தோப்புகள் வேரோடு வீழ்ந்தன. சில சிற்றூர்களுக்கு மின்சாரம் மீள வாரக்கணக்காயிற்று. குடிதண்ணீர்த் தொட்டியை நிரப்புவதற்கும் கைபேசிக்கு உயிரூட்டுவதற்கும் மக்கள் ஜெனரேட்டரை வாடகைக்குப் பிடித்தனர். இத்தகைய கடற்கரைக்கு இப்பருவத்திற் செல்வோர் பிறர் வீட்டு மின்சாரத்தை நம்பிச் செல்லுதல் தகாது. அன்றியும், புயல் எச்சரிக்கை வந்தவுடன் வண்டியைத் திருப்பிக்கொண்டு உள்நாட்டுக்கு வந்துவிடுதலே முறை. சேமிப்பு மின்சாரம் புயலை எதிர்த்து நிற்பதற்கன்று. மழையால் ஓரிரு நாள் தடைப்படின் தாழ்வின்றி இருப்பதற்கே.

இனிக் கணக்கிற்கு வருவோம். குதிரில் உள்ள நெல்லைக் கலம், மரக்கால் என்று அளப்பதுபோல், பாட்டரியில் உள்ள ஆற்றலை வாட்-மணி என்னும் அளவால் அளப்பர். வாட் என்பது செலவாகும் வேகம். அவ்வேகத்தை மணிக்கணக்கால் பெருக்கின் செலவான அளவு கிடைக்கும். ஒரு நாளைக்கு நால்வரின் செலவு வருமாறு: 5 வாட் விளக்குகள் நான்கு, 5 மணி எரியின் 100 வாட்-மணி. இக்காலத்துப் புதுவகை விசிறி 28 வாட்டே கொள்ளும். இரண்டு விசிறி 10 மணி சுழலின் 560. சிறு குளிர்பெட்டியின் எஞ்சின் விட்டுவிட்டு ஓடும். நம் புழுக்கத்தில் அது சராசரி 20 வாட் கொள்ளும் எனின் 24 மணிக்கு 480. கைபேசிகள் நான்கிற்கு 60, மடிக்கணினி ஒன்றிற்கு 60, நீரேற்றும் சிறு பம்பிற்கு 17. கூட்டுத் தொகை 1,277. கம்பியிலும் இன்வெர்ட்டரிலும் வீணாவதற்குப் பத்தில் ஒரு பங்கு சேர்ப்பின் ஏறக்குறைய 1,400 வாட்-மணி ஆகும். இரண்டு நாளைக்கு 2,800.

விளக்கிற்குச் செல்வது சிறிது, விசிறிக்கும் குளிர்பெட்டிக்கும் செல்வதே பெரிது என்பதை நோக்குக. பலரும் விளக்கை அணைத்துச் சிக்கனம் செய்வர். குளிர்பெட்டியின் கதவை நாழிகைக்கு ஒருமுறை திறந்து பார்ப்பர்!

குளிர்சாதனம் வேண்டாவோ எனின், ஒரு டன் அளவுள்ள அக்கருவி ஓடும்பொழுது ஆயிரம் வாட்டுக்குக் குறையாது கொள்ளும். எஞ்சின் விட்டுவிட்டு ஓடினும், ஓர் இரவிற்கே மேற்கூறிய ஒரு நாட் செலவைப்போல் மூன்று நான்கு மடங்கு வேண்டும். அதற்கென ஜெனரேட்டரை இரா முழுதும் ஓட்ட நேரும். அதனால் வந்த கேட்டினைப் பின்னர்க் காண்போம். மார்கழிக் குளிரில், நல்ல கொசுவலையும் எதிரெதிர்ச் சாளரமும் உள்ள வண்டிக்கு அக்கருவி தேவையற்றது என்பதே எம் கருத்து.

இவ்வாற்றலைச் சேமிக்கும் பாட்டரி இருவகைத்து. ஒன்று 1859-இல் பிளாண்டே என்னும் பிரெஞ்சு அறிஞர் கண்ட ஈய-அமிலப் பாட்டரி. மற்றொன்று லிதியம், இரும்பு, பாஸ்பேட் ஆகியவற்றால் ஆயது. 1990-களின் பிற்பகுதியில் அமெரிக்க நாட்டு டெக்ஸாஸ் பல்கலைக்கழகத்தில் குட்இனப் என்பாரின் ஆய்வுக்கூடத்தில் வெளிப்பட்டது. லிதியம் பாட்டரி ஆராய்ச்சிக்காக அப்பெரியார் 2019-இல் தமது 97-ஆம் வயதில் நோபல் பரிசு பெற்றார் என்பதை, முப்பது வயதிலேயே தளர்ந்து பேசும் இளைஞர் கருதிப்பார்ப்பாராக.

12 வோல்ட், 100 ஆம்பியர்-மணி என்று குறித்த ஈயப் பாட்டரியில் 1,200 வாட்-மணி உள்ளதெனினும், அதிற் பாதிக்குமேல் எடுத்தல் ஆகாது. எஞ்சிய பாதி விதைநெல் போன்றது. அதனையும் உண்பவர் அடுத்த போகத்திற்கு வேறு பாட்டரி வாங்க வேண்டியவரே. ஆகவே கையிற் கிடைப்பது 600. நம் தேவைக்கு ஐந்து பாட்டரி வேண்டும். ஒவ்வொன்றும் 30 கிலோ எனின் மொத்தம் 150 கிலோ. லிதியம் வகையோ 12.8 வோல்ட் உடையது. 1,280 வாட்-மணியில் ஐந்தில் நான்கு பங்கை, அதாவது 1,024-ஐ, அச்சமின்றி எடுக்கலாம். மூன்று போதும், 3,072 கிடைக்கும், மூன்றின் நிறையும் 40 கிலோவுக்கு உட்பட்டதே. விலை மிகுதிதான், எனினும் இழுத்துச் செல்லும் கார் சிறிதாயின் இவ்வகையே ஏற்றது. உறைகுளிரில் லிதியம் பாட்டரிக்கு மின்னேற்றலாகாது என மேல்நாட்டு நூல்கள் எச்சரிக்கும். தஞ்சைக்கு அக்கவலை இல்லை. நமக்கு வேண்டிய எச்சரிக்கை வெயிலைப் பற்றியது. மூடிய பெட்டியினுள் உச்சிப்பொழுதில் எழும் வெப்பம் அதன் ஆயுளைக் குறைக்குமாதலின், காற்றோட்டமுள்ள நிழலிடத்தில் வைத்தல் வேண்டும். ஈயப் பாட்டரியாயின் மின்னேற்றும்பொழுது ஹைட்ரஜன் வாயு எழும், அது தீப்பற்றுவது, படுக்கையின் கீழ் அடைத்து வையாமல் வெளிக்காற்றுக்குப் புழை விட்டு வைத்தல் இன்றியமையாதது.

3,072 இருப்பு, 2,800 செலவு, மிச்சம் சொற்பமே. குறையை ஈடுசெய்யச் சூரியப் பலகை உதவும். 400 வாட் பலகை ஒன்று, ஐந்து மணி நல்ல வெயிலுக்குச் சமமான ஒளி பெற்று, காற்பங்கு இழப்பும் போக, நாளொன்றுக்கு 1,500 வாட்-மணி தரும். இது ஒரு நாட் செலவுக்குமேல். மழை மூட்டத்தில் ஒன்றரை மணி வெயிலுக்கே சமம் எனின் 450 தான் வரும். அதுவும் இரண்டு நாளில் 900 ஆகின்றது, போதும். காரின் எஞ்சின் ஓடும்பொழுதும் தக்க கருவியின் வழியாக டிரெய்லரின் பாட்டரிக்கு மின்னேற்றலாம். ஆனால் நிறைந்த பாட்டரியோடு புறப்படுவோர்க்குப் போகும் வழியில் இதனாற் பெரும்பயன் இல்லை, திரும்பும் வழியிலேயே பயன். பாதை நீரிற் மூழ்கி மூன்றாம் நாளும் தங்க நேரிடின் மட்டுமே ஜெனரேட்டரை எழுப்ப வேண்டிவரும்.

கம்பியைப் பற்றியும் சிறிது கூறவேண்டும். 1,500 வாட் மின்கெட்டிலில் வெந்நீர் வைக்க ஒருவர் விரும்புகின்றார் என்க. 12 வோல்ட் பாட்டரியினின்றும் அதற்கு 125 ஆம்பியர் ஓடவேண்டும். பாட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் இடையே போகவரக் கம்பி 4 மீட்டர். 6 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியாயின் அதன் தடை ஏறத்தாழ 0.0117 ஓம். மின்னோட்டத்தின் வர்க்கத்தைத் தடையாற் பெருக்குக: கம்பியிலேயே 180 வாட்டுக்கு மேல் வெப்பமாகின்றது. உறை உருகிப் புகைவதற்கு வேறு காரணம் வேண்டா. 35 சதுர மில்லிமீட்டர் கம்பியாயின் 31 வாட் அளவே. வீட்டில் 230 வோல்ட்டுக்குப் போடும் மெல்லிய கம்பியையே வண்டியிலும் போட்டுவிடுவோர் இவ்வர்க்கத்தை மறந்தவர் ஆவர். பாட்டரியை அடுத்தே தக்க பியூஸ் ஒன்று அமைத்தலும் வேண்டும். கோடியக்கரை, வேதாரண்யம் பக்கத்து உப்புக் காற்று செம்பைப் பச்சையாக்கிவிடும். முனைகளில் வாசலின் தடவி வைப்பின் நலம். வெந்நீருக்கோ எரிவாயு அடுப்பே போதும். அவ்வாயு காற்றினும் கனமானதாகையால், கசிந்தால் தரையிலேயே தங்கும். ஆதலின் உருளை வைக்கும் அறைக்குக் கீழ்ப்புறத்தில் புழை விடுவர்.

ஜெனரேட்டரைப் பற்றி விரிவாகவே சொல்லவேண்டியிருக்கின்றது. 2024-ஆம் ஆண்டு டிசம்பர் 23-ஆம் தேதி கேரள நாட்டு வடகரையில், சாலையோரத்தில் நிறுத்தியிருந்த கேரவன் ஒன்றினுள் இருவர் இறந்து கிடக்கக் காணப்பட்டனர். கதவடைத்துக் குளிர்சாதனத்தை ஓடவிட்டு அவர்கள் உறங்கியிருந்தனர். அக்குளிர்சாதனத்தை ஓட்டிய ஜெனரேட்டர் அதே வண்டியில் இருந்தது. கோழிக்கோடு தேசியத் தொழில்நுட்பக் கழகத்தார் அவ்வண்டியை ஓட்டிச் சோதித்து, ஜெனரேட்டரின் புகை தரையிலிருந்த துளை வழியாக உள்ளே புகுந்தது எனக் கண்டனர்.

அப்புகையிலுள்ள கார்பன் மானாக்ஸைடு என்னும் வாயுவிற்கு நிறமில்லை, மணமில்லை. நம் குருதியிலுள்ள ஹீமோகுளோபின் பிராணவாயுவைப் பற்றுவதைக் காட்டிலும் இருநூறு மடங்குக்கு மேலான வலிமையுடன் இதனைப் பற்றிக்கொள்ளும். ஆகையால் காற்றில் இது சிறிதளவே கலந்திருப்பினும், நேரம் செல்லச் செல்லக் குருதியிற் பிராணவாயுவுக்கு இடமில்லாது போகும். விழித்திருப்பவர்க்குத் தலைவலி, தலைச்சுற்று, குமட்டல் தோன்றும். அவர் எழுந்து வெளியே வந்து பிழைக்கலாம். உறங்குபவர்க்கு அந்த எச்சரிக்கையும் இல்லை.

டூரிங் டாக்கீஸ்காரர் எஞ்சினைக் கொட்டகைக்கு வெளியே தனித்து வைத்ததை இங்கே நினைவுகூர்க. ஜெனரேட்டரை வண்டியினின்றும் இருபது அடிக்குக் குறையாத தூரத்தில், புகைவாய் வண்டியை நோக்காதபடி, காற்று வீசிச்செல்லும் திசையில் வைத்தல் வேண்டும். மார்கழியில் வாடைக்காற்று பெரும்பாலும் வடகிழக்கினின்றும் வீசுமாதலின், வண்டிக்குத் தென்மேற்கே வைப்பது தகும். அத்திசையில் அயலார் குடிசை இருப்பின் வேறிடம் தேடுக, அவரும் சுவாசிப்பவரே. மழை வந்தால் அதனை வண்டியின் அடியிலோ, வண்டியின் முன் விரித்த கூடாரத்தின் கீழோ இழுத்து வைக்கும் ஆசை எழும். பெருந்தீங்கு விளைவது அவ்வாசையாலேயே. நாற்புறமும் திறந்த சிறு பந்தல் அதற்கெனத் தனியே வேண்டும்; இல்லையெனில் மழை விடும்வரை நிறுத்தி வைக்கவேண்டும். பகலில் அனைவரும் விழித்திருக்கும்பொழுதே ஓட்டிப் பாட்டரியை நிரப்பிக்கொண்டு, இரவில் பாட்டரியையே நம்புதல் முறை. தரையிற் கம்பிக்காகவும் குழாய்க்காகவும் இட்ட துளைகளையெல்லாம் அடைத்து, இவ்வாயுவை உணர்ந்து ஒலியெழுப்பும் சிறு கருவியொன்றைப் படுக்கையருகே மாட்டுக. அதன் விலை குளிர்பெட்டியின் விலையிற் சிறு பகுதியே. காரின் எஞ்சினை நின்ற இடத்தில் ஓடவிட்டு மின்னேற்றுவோர்க்கும், உள்ளே கரியடுப்பு மூட்டுவோர்க்கும் இவ்வெச்சரிக்கை பொருந்தும். பெட்ரோல் டப்பாவை உறங்குமிடத்தில் வைத்தலும், சூடாறாத எஞ்சினில் எண்ணெய் ஊற்றுதலும் விலக்கத்தக்கன.

இனிச் சுமையேற்றும் முறை. நம் வண்டிக்காரர் முன்பாரம், பின்பாரம் என்று சொல்வதை மாணவர் கேட்டிருப்பர். பின்பாரம் மிகுந்தால் நுகத்தடி மேலெழுந்து மாட்டின் கழுத்துக் கயிறு இறுகும். முன்பாரம் மிகுந்தால் மாடு சுமை தாங்காது முழங்காலிடும். டிரெய்லரும் அத்தகையதே. மொத்த நிறையிற் பத்தில் ஒரு பங்கு அளவு கொக்கியின்மேல் அழுந்துமாறு ஏற்றுவது நன்று. 1,000 கிலோ டிரெய்லருக்கு 100 கிலோ. பின்பாரம் மிகுந்த டிரெய்லர் வேகத்தில் வாலாட்டத் தொடங்கிக் காரையும் உடனிழுத்துப் பள்ளத்திற் தள்ளிவிடும். பாட்டரியையும் நீர்த்தொட்டியையும் அச்சின் அருகே தாழ வைக்க வேண்டும். நூறு லிட்டர் நீர் நூறு கிலோ என்பதை மறவற்க. ஓடும்பொழுது டிரெய்லரினுள் ஒருவரும் இருத்தலாகாது. 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் டிரெய்லருக்கும் இலக்கணம் கூறியிருப்பதால், பதிவு, காப்புறுதி முதலியவற்றை முன்னரே வட்டாரப் போக்குவரத்து அலுவலகத்தில் முடித்துக்கொள்க.

உயரத்தையும் அளத்தல் வேண்டும். தஞ்சையை அடுத்த களிமேட்டில் 2022-ஆம் ஆண்டு ஏப்ரல் 27-ஆம் தேதி திருவிழாத் தேரொன்று உயரழுத்த மின்கம்பியிற் பட்டுப் பதினொருவர் உயிரிழந்தனர். அவருட் சிறுவரும் இருந்தனர். கூரைமேல் சூரியப் பலகையும், அதன்மேல் நிமிர்த்திய கோலும் உடைய வண்டி, வயல் நடுவே கம்பி தாழ்ந்து தொங்கும் கப்பிச் சாலையில் நுழைவது விளையாட்டன்று. நிலத்தினின்றும் கூரையின் உச்சிவரை அளந்து, அவ்வெண்ணை ஓட்டுநர் கண்முன் எழுதி ஒட்டுக. ரெயில்வே சுரங்கப்பாதைகளிலும் அது உதவும். ஊர்க் கம்பியிற் கொக்கி மாட்டி மின்சாரம் எடுப்பது, திருவிழாக்களிற் பலர் செய்யக் காணினும், 2003-ஆம் ஆண்டு மின்சாரச் சட்டத்தின்படி குற்றம், உயிர்க்கும் கேடு. உரிமையாளர் இசைவுடன் வீட்டு மின்சாரம் பெறுவதாயின், கசிவைக் கண்டு அறுக்கும் கருவியை இடையில் வைத்தே இணைக்க வேண்டும். ஈரத்தரையில் நின்று இரும்புக் கதவைத் தொடுபவர் அக்கருவியின் அருமையை அறியாமலே பிழைப்பர்.

தங்குமிடம் தேர்வதில் வண்டலும் களியும் கலந்த நம் மண்ணை நினைக்க. காய்ந்திருக்குங்கால் கல்போன்றது, ஓரிரவு மழையிற் சக்கரத்தை விழுங்கிவிடும். ஆற்றங்கரையும் வடிகால் ஓரமும் ஆகா. ஊராரைக் கேட்டுக் களத்துமேடு போன்ற மேட்டு நிலத்தில் நிறுத்துக. கோடியக்கரைக் காடு 1967 முதல் வனவிலங்குப் புகலிடம். அங்குக் காட்டிலாகாவின் அனுமதியும் விதிகளும் உண்டு. இரைச்சலிடும் ஜெனரேட்டரை அவ்விடத்திற் கொண்டுசென்றால் காணவந்த பறவையே பறந்துபோம். தை, மாசியிற் செல்வோர் சாலையின் பாதியில் நெல் உலர்த்தியிருக்கக் காண்பர். டிரெய்லரின் சக்கரம் காரின் தடத்தைவிட உட்புறமாகவே வளைவிற் திரும்பும். ஒருவர் இறங்கி நின்று வழிகாட்டி, உழவர் நெல்லை மிதியாது செல்லவேண்டும்.

புறப்படும் காலையில் எரிவாயுத் திருகை மூடுக. கொக்கியின் பூட்டாணியை இழுத்துப் பார்க்க. வண்டிக்குக் கடையாணி எப்படியோ அப்படியே இது. காப்புச் சங்கிலி இரண்டையும் குறுக்காக மாட்டி, பின்விளக்கும் திருப்ப விளக்கும் எரிகின்றனவா என்று ஒருவர் பின்னே நின்று சொல்லட்டும். பாட்டரியின் இருப்பைக் குறிப்பேட்டில் எழுதிக்கொள்க. மறுநாட் காலை எழுதும் எண்ணோடு ஒப்பிட்டால் நம் கணக்கு எவ்வளவு மெய்யென்பது விளங்கும். சாலியமங்கலத்தை அடைந்ததும் ஒருமுறை நிறுத்தி இறங்கி, சக்கரத்தின் குடங்களைப் புறங்கையால் மெல்லத் தொட்டுப் பார்க்க வேண்டும். ஒன்று மற்றதைவிடச் சுடுமாயின் பிரேக் உராய்கின்றது, அன்றி மசகு குறைந்துள்ளது. அதனைச் சரிசெய்த பின்னரே நீடாமங்கலத்திற்கு வண்டியை விடுக.